வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்ட் செலுத்தினால் பி.பி. இறங்குமா?

என் அப்பாவுக்கு 61 வயது. நாலு மாத்திரை சாப்பிட்டும் பி.பி. 170/100-க்குக் கீழே வருவதில்லை. ஊசி, கத்தி எதுவும் இல்லாமல் முதுகுப் பக்கமாக அல்ட்ராசவுண்ட் செலுத்தி பி.பி.-யைச் சரிசெய்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து அதைச் செய்தே ஆக வேண்டும் என்று நிற்கிறார். செய்யலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. அதை நம்பி யாரிடமும் பணம் கட்டிவிடாதீர்கள். ஆனால் உங்கள் அப்பா பார்த்த வீடியோ முழுப் பொய்யும் இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றி மெல்லிய நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. மூளையிலிருந்து வரும் பரபரப்பு இந்த நரம்புகள் வழியாகத்தான் சிறுநீரகத்துக்குப் போகிறது. அது அதிகமானால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரெனின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், பி.பி. ஏறும். நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன்பு, 1930, 40-களில் இந்த வகை நரம்புகளை அறுவை சிகிச்சை செய்தே வெட்டிவிட்டார்கள். பி.பி. இறங்கியது, ஆனால் எழுந்து நின்றால் தலைசுற்றி விழுகிற அளவுக்குப் பக்க விளைவுகள். மாத்திரைகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

2009-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த ஹென்றி க்ரம் என்ற மருத்துவரின் குழு, ஆஞ்சியோ செய்வது போல் தொடை வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரக ரத்தக்குழாய்க்குள் கொண்டுபோய், உள்ளிருந்தபடியே அந்த நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்த முதல் முடிவுகளை வெளியிட்டது. 20 புள்ளிக்கு மேல் இறங்கியது என்றதும் உலகம் முழுக்க ஒரே பரபரப்பு. இதையே உடம்பைத் தொடாமல் வெளியிலிருந்து செய்தால் என்ன என்று அமெரிக்காவின் கோனா மெடிக்கல் நிறுவனம் இறங்கியது. ஆளைப் படுக்கவைத்து, முதுகுப் பக்கமிருந்து அல்ட்ராசவுண்ட் அலைகளைக் குவித்து அந்த ரத்தக்குழாயைச் சுற்றிப் பாய்ச்சும் கருவி அது. ஆரம்ப ஆய்வுகளில் நல்ல இறக்கம் தெரிந்தது. உங்கள் அப்பா பார்த்தது அநேகமாக அந்தக் கட்டத்துச் செய்தியாகத்தான் இருக்கும்.

அப்புறம்தான் சரியான சோதனை வைத்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, மீதிப் பேரை அதே மாதிரி படுக்கவைத்துச் சிகிச்சைக்கான ஆற்றலைச் செலுத்தாமல் வெறும் பாவனை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2018-ல் வெளிவந்த அந்த ஆய்வில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பாவனைக்கே பி.பி. இறங்குமா என்று கேட்பீர்கள். இறங்கும். சிகிச்சை எடுத்துவிட்டோம் என்ற நிம்மதி ஒரு பக்கம், ஆய்வில் இருக்கிறோம் என்று மாத்திரையை ஒழுங்காக விழுங்குவது இன்னொரு பக்கம். தொடை வழிச் சிகிச்சைக்கும் 2014-ல் இதே அடி விழுந்தது: 535 பேரைச் சேர்த்த அமெரிக்க ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 புள்ளி இறங்க, பாவனைத் தரப்புக்கும் ஏறக்குறைய 12 இறங்கிவிட்டது.

ஆனால் தொடை வழி முறையைத் திருத்தி மறுபடியும் நிரூபித்தார்கள். அதில் ஒன்று அல்ட்ராசவுண்ட்தான், பெயர் பாரடைஸ். குழாயின் நுனியில் ஒரு சின்ன பலூன், அதற்குள் தண்ணீர் சுழன்று ரத்தக்குழாயின் உள்சுவரைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள, அல்ட்ராசவுண்ட் அலை சுவரைத் தாண்டிப் போய்ச் சுற்றியிருக்கும் நரம்பைச் சுடும். ஒவ்வொரு தடவையும் 7 விநாடிதான். அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு இதற்கு 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. சரி, எவ்வளவு இறங்குகிறது? 2023-ல் வெளியான ஆய்வில் பகல் நேர மேல் அளவு 7.9 புள்ளி இறங்கியது, பாவனைத் தரப்புக்கு 1.8. அதாவது ஒரு நல்ல மாத்திரை செய்கிற வேலை. 170-ஐ 120 ஆக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது என் கவலையெல்லாம் அந்த நாலு மாத்திரையில்தான். பாரடைஸ் கருவியை வைத்து 2021-ல் வெளியான ஒரு ஆய்வில், மருந்துக்கு அடங்காத பி.பி. என்று வந்தவர்களுக்கு முதலில் மூன்று பி.பி. மருந்துகளை ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்து 4 வாரம் பார்த்தார்கள், அதிலேயே பி.பி. இறங்கிப்போய் சிகிச்சைக் கட்டத்துக்கே போகாதவர்கள் கணிசம். அப்பாவின் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் எத்தனை நாள் விடுபடுகிறது, காசுக்காக ஒன்று விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறாரா என்று கோபப்படாமல் கேளுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் மாதிரி எதையாவது வாங்கிப் போடுகிறாரா? அதுவே பி.பி.-யை ஏற்றும். பலத்த குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அட்ரீனல் சுரப்பியில் கோளாறு உண்டா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா? இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நாலில் உப்பு நீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள். 2015-ல் வந்த பிரிட்டன் ஆய்வில், இப்படி அடங்காத பி.பி.-யில் வெற்று மாத்திரையைவிட 8.7 புள்ளி கூடுதலாக இறக்கியது அந்தப் பழைய மருந்து. பொட்டாசியம் அளவை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் செய்தும், கையில் கட்டி 24 மணி நேரமும் பி.பி. பார்க்கும் கருவியில் அளவு உயர்ந்தே இருந்தால், அப்போது தொடை வழிச் சிகிச்சையைப் பற்றி இதய மருத்துவரிடம் பேசலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும், ரத்தக்குழாயின் அமைப்பும் ஒத்துவர வேண்டும்.

வீட்டில் மெஷின் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு காட்டுகிறது. எதை நம்புவது?
- வாசகர், திண்டுக்கல்

பெரும்பாலும் பார்க்கிற விதத்தில்தான் குறை. காபி, பீடி, சிகரெட் ஆகி அரை மணி நேரம் கழியட்டும், சிறுநீர் கழித்துவிட்டு வந்து முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் தரையில் பதிய வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து தொங்கவிடக் கூடாது. பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாதீர்கள், வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வையுங்கள். பேசக் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு ஏறித்தான் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஒரு வாரம் எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள்.

நரம்புச் சிகிச்சை செய்துகொண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகர், காரைக்குடி

நிறுத்தக் கூடாது. சிலருக்கு ஒன்றிரண்டு குறையலாம், அதையும் டாக்டர்தான் குறைக்க வேண்டும். கேட்ட சூட்டில் நீங்களாக நிறுத்திப் பார்த்துவிடாதீர்கள், சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பி.பி. ஒரேயடியாக எகிறும்.