கடற்கரையில் கல்யாணம்: நாள் குறிக்கும் முன் கடலைக் கேளுங்கள்

கேள்வி: நானும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரும் சியாட்டில் பக்கம் வேலை பார்க்கிறோம். மண்டபமும் கூட்டமும் வேண்டாம். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையில், கடலுக்குள் நிற்கும் அந்தப் பாறைத் தூண்களுக்கு முன்னால், பன்னிரண்டு பேரோடு தாலி கட்டிக்கொள்ள ஆசை. அம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஆடியில் கூடாது, ஹோமம் கட்டாயம் வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
வாசகி, பெல்வியூ

பதில்: முதலில் வாழ்த்துகள். அம்மா சம்மதித்ததே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி, அதனால் அவர் கேட்கும் இரண்டையும் தட்டிக் கழிக்காமல் வழி பார்ப்போம்.

பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன்னால் அந்தக் கடற்கரையில் உள்ள லா புஷ் கிராமப் பகுதிக்கான கடல் ஏற்ற வற்ற அட்டவணையைத் திறந்து வையுங்கள், ஏனென்றால் அந்தக் கரையில் நேரத்தை முடிவு செய்வது கடல்தான். மெரினா மாதிரி எந்நேரமும் அகலமாக மணல் கிடக்கும் இடமில்லை அது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், இரண்டு வற்றமும் ஒரே அளவில் இருக்காது. ஏற்றத்தின்போது சில இடங்களில் நிற்கக்கூட மணல் மிஞ்சாது, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய பெரிய மரங்களைத் தண்ணீர் தூக்கி உருட்டிவிடும், அதில் சிக்கி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எல்லோரும் சூரியன் மறையும் நேரத்துப் படத்துக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் கோடையில் அங்கே கடல் நன்றாக உள்வாங்குவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய காலை நேரங்களில். காலை முகூர்த்தம் நமக்குப் பழகியதுதானே! மூடுபனி இருக்கலாம், அதற்காக மனசு விட வேண்டாம், பனிக்குள் தெரியும் அந்தப் பாறைகள் தனி அழகு.

மாதத்துக்கு வருவோம். பக்கத்து ஊரான ஃபோர்க்ஸில் வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும். காய்ந்த மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும், அதில் பாதியை ஆடி எடுத்துக்கொள்கிறது. அதனால் ஆவணி, அதாவது ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து செப்டம்பர் நடு வரை. மழை பெரிதாகத் தொடங்கியிருக்காது, அம்மா மனசும் நோகாது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையை மட்டும் விட்டுவிட்டு வாரநாளாகப் பாருங்கள்.

எந்தக் கரை என்பது பெரியவர்களின் முழங்காலைப் பொறுத்தது. ரியால்டோ கடற்கரையில் கார் நிறுத்தும் இடமே கடலோரம்தான், ஆனால் மணல் குறைவு, காலுக்கடியில் உருண்டைக் கற்கள். ரூபி கடற்கரைக்குக் கொஞ்ச தூரம் சரிவில் இறங்க வேண்டும். செகண்ட் பீச்தான் எனக்கு மிகப் பிடித்தது, நல்ல மணல், பாறைகள் பக்கத்திலேயே, ஆனால் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடைசியில் படிகளும் இறங்க வேண்டும். பட்டுப்புடவையோடு முடியும், பாட்டியோடு கஷ்டம். இன்னொன்று, லா புஷ் கிராமமும் அதை ஒட்டிய ஃபர்ஸ்ட் பீச்சும் குவிலியூட் பழங்குடி மக்களின் நிலம். பூங்கா தரும் அனுமதி அங்கே செல்லாது, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எதிரே தெரியும் ஜேம்ஸ் தீவு அவர்களுக்குப் புனிதமான இடம், அதில் ஏறிப் படம் எடுக்கும் நினைப்பே வேண்டாம்.

கூட்டம் சிறியதுதானே என்று பூங்கா அனுமதியை விட்டுவிடாதீர்கள், சில மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். அரிசியோ பூவிதழோ தூவக் கூடாது என்பது இந்த அனுமதிகளில் வழக்கமான நிபந்தனை, டிரோன் பறக்கவிடவும் தடை. அப்போது அட்சதை? ஹோமத்தையும் அட்சதையையும் முதல் நாள் வீட்டிலோ கோயிலிலோ முறையாக முடித்துவிடுங்கள் என்பேன். கோடையில் நெருப்புக்குத் தடை எந்த நேரமும் வரலாம், காற்றில் ஹோமம் நிற்பதும் சந்தேகம். அக்னி சாட்சியை அவசர அவசரமாக முடிப்பதைவிட நிதானமாக வேறு இடத்தில் செய்வது அம்மாவுக்கும் நிறைவாக இருக்கும். கடற்கரைக்குத் தாலியும் மாலையும் பெரியவர்கள் கையும் போதும்.

காகித வேலை எளிது. வாஷிங்டன் மாநிலத்தின் எந்தக் கவுண்டியிலும் (நம் மாவட்டம் மாதிரி) திருமண உரிமம் வாங்கலாம். வாங்கிய 3 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், அப்புறம் 60 நாள் வரை செல்லும். நடத்தி வைக்க முறையாக நியமிக்கப்பட்ட குருக்களோ நீதிபதியோ வேண்டும், கூடவே இரண்டு சாட்சிகள். கடல் ஏற்ற வற்ற அட்டவணையைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது. சியாட்டிலிலிருந்து நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும், ஆகவே முதல் நாள் இரவே ஃபோர்க்ஸில் தங்கிவிடுங்கள்.

கேள்வி: இப்படி அமெரிக்காவில் நடந்த கல்யாணம் இந்தியாவில் செல்லுமா?
வாசகர், திருச்சி

பதில்: சட்டப்படி நடந்து பதிவான கல்யாணம் என்றால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், சான்றிதழைத்தான் சரியான வடிவில் கேட்பார்கள். அழகான எழுத்தில் நினைவாகத் தரும் தாள் உதவாது. கவுண்டி அலுவலகத்திலிருந்து சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கி, அந்த மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்வதற்கான அத்தாட்சி) பெற வேண்டும். இந்தியா 2005 முதல் அந்த முறையை ஏற்கிறது. நகல் இரண்டு மூன்றாகவே வாங்கி வையுங்கள், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்க, விசாவுக்கு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள்.