சூடாக்கினால் காசு தருவார்களாமே?

கேள்வி: சின்னதாக ஓர் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். நெல் அவிக்கும் பொயிலருக்கு உமிதான் எரிக்கிறோம். இங்கிலாந்தில் இருக்கும் என் மச்சான் தன் விடுதிக்கு மரம் எரிக்கும் பொயிலர் பூட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்திடம் காசு வாங்குகிறார். உமியும் அதே சாதிதானே, எனக்கு ஏன் இல்லை?
- ஆலைக்காரர், சம்மாந்துறை

பதில்: மச்சான் சொன்னது பொய் இல்லை. வீடு அல்லாத கட்டடங்களுக்கான அந்தத் திட்டம் (Renewable Heat Incentive, மரம் போன்றவற்றால் வெப்பம் உண்டாக்குவோருக்கு ஊக்கத்தொகை) 2011 நவம்பரில் தொடங்கியது, மீற்றர் காட்டுகிற ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் இவ்வளவு பென்ஸ் என்று 20 வருடத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் 2021 மார்ச் 31உடன் புதிய ஆட்களுக்குக் கதவு மூடியாயிற்று, மச்சான் முன்பே சேர்ந்தவர். இங்கே நாம் கேள்விப்படுகிற 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசுத் திட்டம் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கானது, உங்கள் நீராவிக்கு அதில் இடமில்லை. அதற்காக மனம் சலிக்காதீர்கள். அவர் எரிபொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார். உங்களுக்கு 100 கிலோ நெல் குற்றினால் 20 கிலோ அளவில் உமி சும்மா வருகிறது. நீராவிக் குழாய்கள் வெறும் இரும்பாகக் கிடக்கின்றனவா என்று ஒருக்கால் பாருங்கள், அப்படியென்றால் உமியில் ஒரு பங்கு ஆலைக் கூரையைத்தான் சூடாக்குகிறது. குழாய்க்கு உறை போடுகிற செலவு பெரிதல்ல.

கேள்வி: வட அயர்லாந்தில் இதே திட்டத்தால் ஆட்சியே கவிழ்ந்தது என்றார் ஒரு நண்பர். சூட்டுக்கும் ஆட்சிக்கும் என்ன சம்பந்தம்?
- ஆசிரியை, கல்லடி

பதில்: இருக்கிறது ரீச்சர், நல்ல கணக்குப் பாடம் இது. பிரித்தானியாவில் சிறிய மரப் பொயிலர்களுக்கு வருடத்தில் முதல் 1,314 மணித்தியாலத்துக்கு உரிய வெப்பத்துக்குத்தான் முழு விலை, அதற்கு மேல் எரித்தால் விலை நன்றாகக் குறைந்துவிடும். 2012 நவம்பரில் வட அயர்லாந்து அந்தத் திட்டத்தைப் பார்த்து எழுதியபோது இந்த ஒரு வரியை விட்டுவிட்டது. யூனிட்டுக்கு 5.9 பென்ஸ் கொடுத்தார்கள், எரிக்கிற மரப் பெலட்டின் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு கட்டைகள்) செலவோ அதைவிடக் குறைவு. அப்புறம் என்ன, எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு லாபம். 99 கிலோவாட் பொயிலர் ஒன்றை வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினால் 8,67,000 யூனிட், அதாவது 51,000 பவுணுக்கு மேல். காலிக் கொட்டிலைச் சூடாக்குகிறார்கள் என்றுகூட முறைப்பாடு போனது. விலையைக் குறைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 2015 கடைசியில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன, 2016 பெப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். திட்டம் தொடங்கியபோது பொறுப்பான அமைச்சராக இருந்தவர் ஆர்லீன் ஃபொஸ்டர், விவகாரம் வெடித்தபோது அவர் முதல் அமைச்சர். அவர் விலகி நிற்க மறுத்தார், 2017 ஜனவரியில் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மக்கின்னஸ் பதவி துறந்தார். அங்கே இவர்களில் ஒருவர் போனால் மற்றவரும் பதவியில் இருக்க முடியாது, அதனால் மூன்று வருடம் ஆட்சியே இல்லை. 2020 மார்ச்சில் விசாரணை அறிக்கை வந்தது. எல்லோரும் எதிர்பார்த்தது திருட்டை, நீதிபதி கண்டதோ பெரும்பாலும் தவறுகளையும் கவனக்குறைவையும். எனக்கு அதுதான் கூடப் பயமாக இருக்கிறது, திருடனையாவது பிடிக்கலாம். எரித்த அளவுக்குக் காசு என்பதைவிட, சாமான் வாங்கும்போதே ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 முதல் அப்படித்தான் செய்கிறார்கள், சிறிய கடை, அலுவலகங்களுக்கும் உண்டு.

கேள்வி: பாசிக்குடாவில் 12 அறை விடுதி. சுடுதண்ணீருக்குக் கரண்ட் பில் தாங்க முடியவில்லை. கூரையில் சோலார் பலகை போடவா, சோலார் சுடுதண்ணீர்த் தாங்கி வைக்கவா?
- விடுதிக்காரர், பாசிக்குடா

பதில்: அறைக்கு 60 லீற்றர் வைத்தால் 720 லீற்றர். அதை 25 பாகை சூடேற்ற நாளைக்கு 21 யூனிட் வேண்டும். வெயிலைக் கரண்டாக்கி, அந்தக் கரண்டால் தண்ணீரைச் சூடாக்குவதைவிட நேரே தாங்கியில் சூடாக்குவதற்குக் கூரையில் குறைந்த இடம் போதும், எனவே முதலில் தாங்கி. ஆனால் கடல் காற்று இரும்பைத் தின்னும், சட்டம், ஆணி எல்லாம் துருப்பிடிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்க்குள் படிவு கட்டும், வாங்குவதற்கு முன் ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.