லுவார் கரையில் மூன்று நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்சில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பாரிஸோடு திரும்பாமல் லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் அம்புவாஸ் ஊருக்கும் போய்வரலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

மகன் பாரிஸில் வேலை பார்க்கிறான். மூன்று நாள் லீவு போடுவான். ஒரே நாளில் நான்கு கோட்டைகளைக் காட்டும் பஸ் இருக்கிறதாம். அதில் ஏறிக்கொள்ளலாமா?
— லாஸ்பேட்டை வாசகி

வேண்டாம். நான்கு கோட்டை என்றால் நான்கு பார்க்கிங், நான்கு டிக்கெட் வரிசை, நான்கு கழிப்பறை வரிசை. சாயங்காலம் எந்தப் படுக்கையறை எந்த ராணியுடையது என்பதே குழம்பிவிடும். ஆற்றை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள்.

அம்புவாஸிலேயே இரண்டு இரவு தங்குங்கள். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து நேர் ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். மோன்பர்னாஸிலிருந்து அதிவேக ரயிலில் வந்தால் தூர் நகரை ஒட்டியிருக்கும் சேன் பியேர் தே கோர் என்ற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து புளுவா, ஓர்லியான் பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தூர் நகரத்துக்குத்தானே போகிறோம் என்று நகர நிலையம் வரை போய், பிறகு திரும்பி வருவார்கள். அதற்கு அவசியமில்லை, சேன் பியேரிலேயே வண்டி மாறலாம். அதிவேக ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், ஆகவே முதலில் அதை வாங்குங்கள். உள்ளூர் ரயிலுக்கு அந்த அவசரமில்லை.

நிலையம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஊரும் கோட்டையும் தென்கரையில். நடுவில் தங்கத் தீவு என்று பொருள்படும் பெயர்கொண்ட ஆற்றுத் தீவு ஒன்று. பாலத்தில் நடந்தால் இருபது நிமிடம் ஆகும். கோட்டை முழுவதும் ஆற்றில் தெரியும் இடம் இந்தப் பாலமும் தீவின் கரையும்தான். பெட்டி கனமில்லை என்றால் டாக்ஸி பிடிக்காதீர்கள்.

முதல் நாள் பிற்பகல் அம்புவாஸ் கோட்டை. எட்டாம் சார்ல் மன்னர் 1470-இல் பிறந்ததும் இங்கேதான், 1498-இல் இறந்ததும் இங்கேதான். பந்தாட்டம் பார்க்கப் போகும் அவசரத்தில் தாழ்வான வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிர் போயிற்று. கோட்டை வளாகத்தின் சிறிய கோயிலில் லியொனார்தோ தாவின்சியின் கல்லறை இருக்கிறது. இரண்டாம் நாள் காலை, கோட்டையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் இருக்கும் க்ளோ லூசே மாளிகை. 1516-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் அழைத்து, 1519 மே 2 அன்று இறக்கும்வரை தாவின்சி வாழ்ந்த வீடு இது. வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போதும். அவர் வரைந்த இயந்திரங்களைப் பெரிய அளவில் செய்து வைத்திருக்கும் தோட்டத்துக்குத்தான் நேரம் வேண்டும். கோட்டையிலிருந்து அங்கே போகும் தெருவில் பாறையைக் குடைந்து கட்டிய வீடுகள் உண்டு. வெள்ளை வெளேரென்ற அந்த மென்மையான சுண்ணாம்புக் கல்லுக்கு 'துஃபோ' என்று பெயர். கோட்டைகளைக் கட்ட அதை வெட்டியெடுத்த குழிகளே பிறகு வீடாகவும் ஒயின் கிடங்காகவும் ஆயின.

மூன்றாம் நாள், ஷேர் ஆற்றின் மேல் நிற்கும் ஷெனான்சோ கோட்டை. மீதி நேரமெல்லாம் ஆற்றுக்கு.

படங்களில் பார்த்தால் லுவார் கோடைகாலத் தென்பெண்ணை மாதிரியே இருக்கிறது. பாதி மணல், பாதி தண்ணீர். பிள்ளைகளோடு மணல் திட்டில் இறங்கி விளையாடலாமா?
— மஞ்சக்குப்பம் வாசகர்

ஒற்றுமையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் இறங்காதீர்கள், இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது உயிர். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் லுவார்தான் பிரான்சின் மிக நீளமான ஆறு. நடுப் பிரான்சின் மலைகளிலிருந்து மணலையும் கூழாங்கல்லையும் அள்ளிக்கொண்டு வந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் இடம் மாற்றிப் போடுகிறது. போன வருஷம் இருந்த திட்டு இந்த வருஷம் இருக்காது. திட்டின் மேல்பக்கம் சரிவாகவும், நீரோட்டம் இறங்கும் கீழ்ப்பக்கம் சட்டென்று ஆழமாகவும் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவர் அடுத்த எட்டில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். ஓரத்து மணலை நீர் அடியில் அரித்திருக்கும். மேலே நின்றால் பொத்தென்று சரியும். பாலத் தூண்களைச் சுற்றிச் சுழல் குடைந்த பள்ளங்கள் இன்னும் மோசம். தென்பெண்ணையில் மணல் எடுத்த குழிகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே குழியை மனிதர் வெட்டுகிறார்கள், அங்கே ஆறே வெட்டிக்கொள்கிறது. 'பேன்யாத் ஆந்தெர்தீத்' என்ற பலகை கண்ணில் பட்டால் குளிக்கத் தடை என்று பொருள். பலகை இல்லாத இடமும் அனுமதித்த இடம் ஆகாது.

இரண்டாவது காரணம் பறவைகள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அந்தத் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடும். பொது ஆலா, சிற்றாலா இரண்டுமே. கூடு என்று எதுவும் கட்டாது. வெறும் கூழாங்கல்லில் சின்னப் பள்ளம், அதில் கல்லின் நிறத்திலேயே இரண்டு மூன்று முட்டைகள். காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து பறக்கும், அந்த நேரத்தில் வெயிலில் முட்டை வெந்துபோகும். அதனால்தான் பல திட்டுகளில் அந்த மாதங்களில் கால் வைக்கவே தடை, நாயைக் கூட்டிப் போனாலும் அபராதம். கரையில் நின்று எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் பாருங்கள். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுவதுபோலத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும் சிறிய பறவையின் அலகு மஞ்சளாக இருந்தால் அது சிற்றாலா. சிவப்பாக இருந்தால் பொது ஆலா.

பிள்ளைகளுக்கு ஆற்றில் போக ஆசை என்றால் படகு இருக்கிறது. 'தூ', 'ஃபுத்ரோ' என்று அவர்கள் சொல்லும் தட்டை அடி மரப்படகுகள், அடி ஆழம் மிகக் குறைவு என்பதால் கோடையின் வற்றிய நீரிலும் ஓடும். சிலரே உட்கார முடியும், ஆகவே முன்பதிவு தேவை. சூரியன் சாயும் நேரப் பயணத்தைக் கேளுங்கள், நீர்நாய் என்று பலர் தவறாகச் சொல்லும் பீவர் வெளியே வரும் நேரம் அது. இந்தப் பகுதியில் அற்றுப்போயிருந்த பீவரை 1970-களில் புளுவா பக்கம் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பகலில் புல் மேய்ந்துகொண்டு இருக்கும் பெரிய எலி போன்ற விலங்கு பீவர் அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ரகோந்தேன். நீந்தும்போது தலை மட்டும் தெரிந்தால் பீவர், முதுகும் சேர்ந்து தெரிந்தால் பெரும்பாலும் ரகோந்தேன். வால் தெரிந்துவிட்டால் சந்தேகமே இல்லை. பீவருக்குத் துடுப்புபோலத் தட்டை, மற்றதற்கு எலிவால். விலங்கு கிடைக்காவிட்டாலும், பென்சில் சீவியதுபோல் கூராக நிற்கும் வில்லோ மரத்தண்டு கரையில் இருக்கும். அது பீவரின் பல்வேலை.

ஆற்றங்கரை ஊர்களின் சுவர்களில் 1846, 1856, 1866 என்று பொறித்த வெள்ளக் குறிகளையும் தேடுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணையைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அந்தக் கோடுகளின் உயரம் உடனே புரியும்.

அம்புவாஸுக்கும் புதுச்சேரிக்கும் சரித்திரத் தொடர்பு ஏதாவது உண்டா?
— முத்தியால்பேட்டை வாசகர்

உண்டு, ஆனால் கோட்டையில் தேடாதீர்கள். ஊருக்குத் தெற்கே மூன்று கிலோமீட்டரில், காட்டு ஓரத்தில் ஷாந்த்லூ பகோடா இருக்கிறது.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து ஊரையே இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை விட்டது, புதுச்சேரி திரும்பக் கிடைத்தது. அப்போது பதினைந்தாம் லூயியின் அரசில் உண்மையான கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் ஷுவாசேல் கோமகன். உடன்படிக்கையில் பிரான்சுக்காகக் கையெழுத்திட்டவரும் அவருடைய உறவினரே. 1765-க்குப் பிறகு ஊர் மறுபடி எழுந்தது. இன்று கடற்கரைப் பக்கம் நாம் நடக்கும் தெருக்கள் அந்த மறுகட்டுமானத்தின் பிள்ளைகள். 1770 டிசம்பரில் ஷுவாசேலைப் பதவி நீக்கி, ஷாந்த்லூவில் இருந்த அவருடைய மாளிகைக்கே அனுப்பினார் மன்னர். அரசரின் கோபத்துக்கு அஞ்சாமல் அங்கே வந்து பார்த்த நண்பர்களுக்கு நன்றியாக 1775 முதல் 1778 வரை கட்டியது இந்தக் கோபுரம். 44 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு, மேலே போகப் போகச் சுருங்கும். 149 படி. பெரிய மாளிகையை 1823-இல் இடித்துவிட்டார்கள். கோபுரமும் அதன் முன்னால் அரைவட்டக் குளமும்தான் மிச்சம்.

நம் பக்கத்தில் ஐரோப்பியர்கள் கோயிலையும் பகோடா என்றார்கள், வராகன் காசையும் பகோடா என்றார்கள். இது இரண்டும் இல்லை. சீன பாணி அலங்காரம், பிரெஞ்சு கல்வேலை. உச்சியிலிருந்து லுவார் பள்ளத்தாக்கும் அம்புவாஸ் காடும் ஒரே பார்வையில் கிடைக்கும். சுற்றுலாப் பஸ்கள் அதிகம் வராத இடம். எங்களைக் கேட்டால், மூன்று நாளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இந்தியத் தொடர்பு இன்னொன்று வேண்டுமானால், ஆற்றின் மேல்பக்கம் சுமார் இருபது கிலோமீட்டரில் ஷோமோன் கோட்டை. கபூர்தலா மகாராஜாவிடமிருந்து வந்த ஒரு யானை அங்கே வாழ்ந்தது. 1992 முதல் வருஷாவருஷம் தோட்டத் திருவிழா நடப்பதும் அங்கேதான், ஏப்ரலில் தொடங்கி இலையுதிர் காலம் வரை.

அம்புவாஸிலிருந்து ஷெனான்சோவுக்கு சைக்கிளில் போக முடியுமா? நானும் தங்கையும் இங்கே தினமும் கடலூர் ரோட்டில் ஓட்டுகிறவர்கள்.
— அரியாங்குப்பம் வாசகர்

கடலூர் ரோட்டில் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அது விளையாட்டு. ஒரு வழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். ஆற்றை விட்டு மேட்டுக்கு ஏறும் முதல் பகுதிதான் மூச்சு வாங்கும், பிறகு காடு, பிறகு ஷேர் ஆற்றுக்கு இறக்கம். திரும்பும்போது ஏற்றம் கடைசியில் அல்ல, தொடக்கத்திலேயே வரும், அதை மனதில் வைத்துத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். லாரி போகும் பிரதான சாலையை விட்டு, வாடகைக் கடையில் கிராமச் சாலை வழியைக் கேளுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாதது, வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கு, பலகை வேறு சொல்லாதவரை, நீங்கள் வழிவிட வேண்டும் என்ற விதி. ஹெட்போன் மாட்டி ஓட்டினால் அபராதம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம்.

காட்டில் உயரப் புல்லுக்குள் உட்காராதீர்கள். அங்கே உண்ணி உண்டு, அது லைம் என்ற நோயைப் பரப்பும். முழுக்கால் சட்டை போட்டு, இரவு முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, காதுப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் திருகி எடுங்கள். எண்ணெய், நெருப்பு வைத்தியம் வேண்டாம், உண்ணி உமிழ்ந்துவிட்டுத்தான் விடும். செப்டம்பருக்குப் பின் வேட்டைக் காலம், அப்போது பளிச்சென்ற நிறச் சட்டை நல்லது.

ஷெனான்சோவில் ஆற்றின் குறுக்கே பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளக் கூடம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இங்கே ஷேர் ஆறே எல்லைக்கோடு. முன்வாசல் ஜெர்மானியர் பிடியில், கூடத்தின் கோடிக் கதவு பிடிபடாத பக்கத்தில். அந்தக் கதவு வழியாக மறுகரைக்கு இறங்கி நின்று பாருங்கள். படம் எடுக்க ஏற்ற இடம் அதுவே. சைக்கிள் வேண்டாம் என்றால், தூர் நகரிலிருந்து வரும் ரயில் வாசலருகிலேயே நிற்கும். அம்புவாஸிலிருந்து அங்கே நேர் ரயில் கிடையாது.

அம்மாவுக்கு மூட்டு வலி. எதைத் தவிர்க்க வேண்டும்?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பகோடாவின் 149 படியை. கீழே குளக்கரையில் அம்மா உட்கார்ந்திருக்கட்டும். அம்புவாஸ் கோட்டையில் ஒரு கோபுரத்துக்குள் குதிரையும் வண்டியும் ஏறுவதற்காகக் கட்டிய அகலமான சுழல் சரிவுப்பாதை இருக்கிறது. படி இல்லை, ஆனால் சரிவு முழங்காலைக் கேட்கும். ஊருக்குள் பழைய தெருக்கள் கல் பதித்தவை, ரப்பர் அடி செருப்பு அவசியம்.

எந்த மாதம்?
— காலாப்பட்டு வாசகர்

மே கடைசி, ஜூன். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், ஆலாக்கள் குஞ்சோடு இருக்கும். மணல் அழகாகத் தெரிவது ஆகஸ்ட், செப்டம்பரில். கூட்டமும் ஆகஸ்டில்தான்.

மகள் வீட்டில் தங்குகிறோம். விசாவுக்கு ஹோட்டல் ரசீது வேண்டுமா?
— வில்லியனூர் வாசகர்

அதற்குப் பதில் மகள் தன் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அத்தெஸ்தாசியோன் தகேய்' என்ற வரவேற்புச் சான்று வாங்கி, அசலைத் தபாலில் அனுப்ப வேண்டும். நம் கடற்கரையில் இருக்கும் மேரி மாதிரி அங்கே ஊருக்கு ஒன்று உண்டு. நகலை ஏற்பதில்லை, தபால் தாமதத்துக்கு இடம் விடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மொத்தத் தங்கல் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது.

சுத்த சைவம். ரொட்டியும் ஜாமும் தின்றே மூன்று நாளை ஓட்ட வேண்டுமா?
— நெல்லித்தோப்பு வாசகி

வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடத்தில் கவனம். ஆட்டுப்பால் சீஸ் சாலட் என்று கேட்டால் அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு தூவி வரும், 'ஸான் லார்தோன்' என்று முன்பே சொல்லுங்கள். இந்தப் பக்கத்தின் சிறப்பான ஃபுவே என்பது விறகடுப்பில் பூரிபோல் உப்பும் சின்ன ரொட்டி. உள்ளே வைக்க அவரை வகையும் உண்டு, ரியேத் என்ற பன்றிக் கூழும் உண்டு, அவரையை மட்டும் கேளுங்கள். மூன்றாவது சீஸ். நடுவில் வைக்கோல் செருகி, மேலே சாம்பல் பூசிய சேன்த் மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ் இங்கத்திய பெருமை. ஆனால் அதில் பாலைத் திரிக்க விலங்கின் குடலிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அதுவும் கூடாது என்பவர்கள் விட்டுவிடுங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், சாயங்காலம் ஏழுக்குத்தான் திறப்பார்கள். வெள்ளி, ஞாயிறு காலைகளில் அம்புவாஸ் ஆற்றங்கரையில் சந்தை கூடும், ஞாயிறுதான் பெரியது. அறையில் அடுப்பு இருந்தால் அங்கே காய் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். புளியும் மிளகாய்த்தூளும் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள்.