வெக்கைக்கு லாப் கோட்டைத் திறந்துவிடலாமா?

தங்கச்சி, கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டக்களப்பு லாப்பில் முழுக்கைக் கோட்டோடு நிற்பது அவதிதான், அதுவும் பன்சன் என்ற வாயு அடுப்பின் சுடர் ஆடும், பக்டீரியா வளர்க்கும் தட்டில் தூசி விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். அதற்காக நீங்கள் எழுதியதுபோல் கையை மடித்து, பட்டனைத் திறந்துவிட்டு பக்டீரியா வேலை செய்யாதீர்கள். சோதனைக் குழாய் சிந்தினால் முதலில் நனைவது மணிக்கட்டும் வயிறும்தான்.

கோட்டின் துணியைப் பாருங்கள். பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பன்சன் சுடர் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியில் தையுங்கள், இழுத்தவுடன் திறக்கும் அழுத்துப் பட்டன் வைக்கச் சொல்லுங்கள், ஏதாவது ஊற்றுப்பட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஷாலைக் கோட்டுக்குள்ளே செருகிவிடுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து.

எனக்கு வெக்கையைவிடக் கவலை தந்தது, அதே கோட்டோடு கன்டீனுக்குப் போய், பிறகு ஹொஸ்டல் வாளியில் மற்ற உடுப்புகளோடு ஊறவைப்பதாக நீங்கள் சொன்னதுதான். கோட்டைப் போட்டபடி லாப் கதவைத் தாண்டக் கூடாது. பக்டீரியா வளர்ப்பு ஏதும் சிந்தியிருந்தால் உட்புறம் வெளியே வரும்படி சுருட்டி, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) 121 பாகை செல்சியஸில் போட்ட பிறகுதான் துவைக்கக் கொண்டுபோகலாம். சிந்தாவிட்டாலும் தனியாக, சுடுநீரில்.

அப்புறம், கையுறையில் 70% அல்கஹோல் தெளித்த கையோடு சுடர்ப் பக்கம் போகாதீர்கள், நன்றாகக் காயட்டும். கையுறையைக் கழற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.