அப்பத்தா கதை சொல்வதை நிறுத்திய நாள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே விலங்குப் பட அட்டைகளை வைத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மேமல், ரெப்டைல், கார்னிவோர், நாக்டர்னல் என்று நூறு சொற்களுக்கு மேல் தெரியும். ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைக்கும், வௌவாலுக்குக் கண் தெரியாது என்று எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்வான். தினமும் சாயங்காலம் என் மாமியாரிடம் உட்கார்ந்து ஒப்பிப்பான். அவர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்துக் கிராமத்தில் ஆடு வளர்த்தவர்; பள்ளிக்கூடம் போனதில்லை. பொங்கலுக்கு உறவினர்கள் வந்திருந்தபோது அவர் திமிங்கிலத்தைப் பெரிய மீன் என்று சொல்லிவிட்டார். “அப்பத்தா, உனக்கு ஒன்றுமே தெரியாது, அது மேமல்” என்றான் இவன். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதிலிருந்து அவர் இவனுக்குக் கதை சொல்வதில்லை. தப்புத் தப்பாகச் சொல்வதற்கு அதுவும் நல்லதுதான். என் கவலை வேறு. தை மாதக் கடைசியிலிருந்து இவன் அட்டைகளைத் தொடுவதே இல்லை. கேட்டால் எழுந்து போய்விடுகிறான். ஏதாவது வகுப்பில் சேர்க்கலாமா? இந்த வயதில் என்னென்ன சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

வகுப்பு வேண்டாம். சொற்பட்டியலும் தரப்போவதில்லை. “பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது” என்று வரும் கடிதங்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அவற்றுக்கு “வயது அப்படி, தானாகச் சரியாகிவிடும்” என்று எழுதி அனுப்புவது எளிது. உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

“அதுவும் நல்லதுதான்.” உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் இந்த இடத்தில்தான் நின்றேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கடக்க மாட்டேன்.

பொங்கலன்று மாமியார் வாயை மூடிக்கொண்டார். தை முடிவதற்குள் மகன் அட்டையை மூடிவிட்டான். இரண்டையும் எழுதியவர் நீங்கள்தான். அடுத்தடுத்த வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை. அவன் நான்கு வருடமாக அந்த அட்டைகளை யாருக்காகப் படித்தான் என்று நினைக்கிறீர்கள்? சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து, “அப்படியா! அப்புறம்?” என்று கேட்க ஒருவர் இருந்தார். அவருக்காகப் படித்தான். அந்த ஆள் இப்போது கேட்பதில்லை. யாரிடம் போய் ஒப்பிப்பான்?

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததைச் சட்டென்று சொல்லத்தான் வரும். அதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று காட்ட வேண்டியவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் எல்லோரும். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலிருந்து பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டான்: நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டம் தட்டத்தான் படிப்பு. அப்புறம் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்திருப்பான். பிள்ளைகளுக்கு அந்த முகம் தெரியும். இன்று அட்டையை எடுத்தால் எழுந்து போகிறான் என்கிறீர்கள். அவனுக்கு ஆர்வம் செத்துவிட்டது என்று நான் நம்பவில்லை. அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி அந்தத் திமிங்கிலத்துக்கு வருகிறேன். உயிர்களுக்கெல்லாம் முறைப்படி பெயர் வைத்துப் பிரித்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1735இல் அவர் வெளியிட்ட முதல் பட்டியலில் திமிங்கிலம் எங்கே இருந்தது தெரியுமா? மீன்களோடு. அதை அங்கிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தது 1758இல், பத்தாம் பதிப்பில். ஐரோப்பாவின் பெரிய அறிஞருக்கே 23 வருடம் ஆயிற்று. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண், கடலையே அதிகம் பார்க்காத ஊரில் பிறந்தவர், கடலில் நீந்தும் பெரிய உயிரைப் ‘பெரிய மீன்’ என்று சொன்னதற்கு வீடே சிரித்ததா?

சரி, தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். அப்படியானால் உங்களிடமிருந்தே தொடங்குவோம். ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேமிப்பதில்லை. அதில் இருப்பது கொழுப்பு. வௌவாலுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இரை தேடுகிறது. இந்த இரண்டு தப்பையும் பிள்ளையின் வாயில் போட்டது அப்பத்தா இல்லை, அம்மா. நீங்கள் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் உங்கள் தப்பு ஆங்கிலச் சொற்களோடு அட்டையில் அச்சாகி இருந்தது.

உங்கள் மாமியாருக்கு என்ன தெரியும் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? நானே சொல்கிறேன், ஆடு வளர்த்தவர்கள் பலரோடு பழகியவள் நான். வெள்ளாட்டின் உதட்டை விலக்கிப் பார்த்து வயது சொல்வார்கள். பால் பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது. எட்டுப் பல்லும் முளைத்துவிட்டால் நாலு வயதை ஒட்டி. மேல் வரிசையில் முன்பல்லே கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். அது எந்தத் தழையைத் தின்னும், எந்தத் தழையைத் தின்றால் வயிறு உப்பும், சினை ஆடு என்றைக்குக் குட்டி போடும் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். சாயங்காலம் பட்டிக்குத் திரும்பிப் படுத்த ஆட்டின் கழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் உருண்டை கீழிருந்து தொண்டை வழியாக மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். தாடை பக்கவாட்டில் அரைக்கும். கண் பாதி மூடியிருக்கும். சிறிது நேரத்தில் அந்த உருண்டை கீழே இறங்கும்; ஒரு மூச்சு விட்டு அடுத்தது ஏறும். அதற்கு அசைபோடுவது என்று பெயர். நான்கு அறை உள்ள இரைப்பை, அதற்குள் புல்லைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் என்று புத்தகம் நான்கு பக்கம் சொல்வதெல்லாம் இந்தக் கழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் மகனின் நூறு அட்டைகளில் ‘ரூமினன்ட்’ என்று ஒன்று இருக்கும், அசைபோடும் விலங்கு என்று பொருள். அந்தக் கழுத்தை அவன் பார்த்திருக்க மாட்டான்.

ஆட்டுக்குட்டியை உங்கள் மாமியார் ஊர்ப் பக்கத்தில் ‘மறி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களாக ஒன்பதைச் சொல்கிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. ஆட்டின் இளமைக்கு அங்கே சொன்ன பெயர் மறி. இதெல்லாம் இருக்கிற வீட்டில்தான் நீங்கள் சொற்பட்டியல் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். திமிங்கிலத்துக்கும் உங்கள் மாமியாரின் வெள்ளாட்டுக்கும் உறவு உண்டு. ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை எல்லாம் இரட்டைக் குளம்புக் கூட்டம். திமிங்கிலத்தின் முன்னோர் வந்தது அந்தக் கூட்டத்திலிருந்துதான். இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. ஜம்மு பகுதியில் காலாகோட் என்ற ஊரில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்து வைத்திருந்த பாறைகளில் சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு சிறு விலங்கின் எலும்புகள் இருந்தன. பெயர் இந்தோஹயஸ். மான் குட்டி போன்ற உடல். ஆனால் அதன் காதெலும்பு திமிங்கிலத்துக்கு இருப்பதுபோலத் தடித்திருந்தது. 2007இல் அதை ஆராய்ந்து எழுதினார்கள். இன்றும் திமிங்கிலத்தின் இரைப்பை பல அறைகள் கொண்டது. மீன் வாலைப் பக்கவாட்டில் அடித்து நீந்துகிறது. திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கிறது. துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டியின் முதுகு எப்படி வளைகிறது என்று உங்கள் மாமியாரைக் கேளுங்கள். அதுவும் மேலும் கீழுமாகத்தான்.

அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பொங்கல் வேறு மாதிரி முடிந்திருக்கும். “அப்பத்தா, அது உன் ஆட்டுக்குச் சொந்தம், அதுவும் குட்டி போட்டுப் பால் கொடுக்கும்” என்று பிள்ளை சொல்லியிருப்பான். அவர் ஆச்சரியப்பட்டிருப்பார். கூடவே அவரும் ஒரு கதை சொல்லியிருப்பார்.

உங்கள் மகன் சொல்லும் ‘மேமல்’ தமிழில் ‘பாலூட்டி’. அந்தச் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். பாலை ஊட்டுவது. ரெப்டைல் ஊர்வன, கார்னிவோர் ஊனுண்ணி, நாக்டர்னல் இரவாடி. ஒவ்வொன்றும் தன் பொருளைத் தானே சொல்கிறது. பள்ளியில் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்றால் அதையும் படிக்கட்டும். தமிழ்ச்சொல் முதலில் வரட்டும். அதற்கும் முன்னால் உயிர் வரட்டும். இன்று இரவு ட்யூப் லைட் பக்கத்தில் ஒரு பல்லி வரும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அது பூச்சியை எப்படிப் பிடிக்கிறது என்று வாய் திறக்காமல் பாருங்கள். பகலில் அது எங்கே போயிற்று என்று அவனே கேட்பான். அப்போது ‘இரவாடி’ என்று சொல்லுங்கள். வால் அறுந்த பல்லி ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. அறுந்த வால் துடித்து எதிரியின் கண்ணைத் தன் பக்கம் இழுக்கும், பல்லி தப்பி ஓடும். பிறகு வால் மறுபடி வளரும், ஆனால் அந்தப் புது வாலுக்குள் பழைய முள்ளெலும்புகள் இருக்காது, குருத்தெலும்புதான். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு ‘இழப்பு மீட்டல்’ என்ற பாடப் புத்தகச் சொல் ஆயுசுக்கும் மறக்காது.

உங்கள் மகனுக்குப் பிடித்த திமிங்கிலக் கூட்டத்திலிருந்தே இன்னொன்று. ஓர்க்கா என்று கேள்விப்பட்டிருப்பான். டால்பின் குடும்பம்தான், பல் உள்ள திமிங்கிலங்களின் வகை. அமெரிக்காவும் கனடாவும் சேரும் பசிபிக் கரையில் இவற்றைப் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெயராக அடையாளம் கண்டு கவனித்து வருகிறார்கள். பெண் ஓர்க்கா நாற்பது வயதை ஒட்டிக் குட்டி போடுவதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வாழும். விலங்குகளில் இது மிக அரிது. அந்தக் கிழவி என்ன செய்கிறது? சால்மன் மீன் கிடைக்காத வருடங்களில் கூட்டத்துக்கு முன்னால் நீந்திப் போகிறது. எங்கே இரை இருக்கும் என்று வழி காட்டுகிறது. பாட்டி இறந்துவிட்டால், பேரக்குட்டி பிழைப்பதே கடினமாகிறது. நல்ல காலத்தில் இல்லாவிட்டாலும் பஞ்ச காலத்தில் கிழவிதான் கூட்டத்தைக் காக்கிறது.

நான் பழைய காலத்து ஆள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் வாயை மூடிக்கொண்ட பிறகு அந்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு படித்தும் அரைப் படிப்புதான் என்பது என் எண்ணம். மாமியாருக்குச் சோறு போட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது, அவர் பேசுவதைக் கேட்க ஆள் வேண்டும். உங்கள் கணவரும் அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருவர் என்றுதான் நினைக்கிறேன். பெற்ற தாய் தலைகுனிந்ததைப் பார்த்துக்கொண்டு சிரித்த மகன், தன் பிள்ளையிடம் நாளைக்கு எதை எதிர்பார்க்க முடியும்? இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள், முதலில் நீங்கள் கேளுங்கள். “அன்று நாங்கள் சிரித்தது தப்பு” என்று, அவன் காது கேட்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள், பிள்ளை, அப்பத்தா மூன்று பேரும் பஸ் ஏறி அப்பத்தாவின் ஊருக்குப் போங்கள். அட்டைகள் வீட்டிலேயே இருக்கட்டும். யாராவது ஒருவர் பட்டியில் ஆடு இருக்கும். சாயங்காலம் வரை தங்குங்கள், அவை அசைபோடும் நேரம் அதுதான். ஓர் உருண்டைக்கு எத்தனை முறை மெல்லுகிறது என்று பிள்ளை எண்ணட்டும். பல்லைக் காட்டச் சொல்லி அப்பத்தாவிடம் அவனே கேட்கட்டும். அந்தத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்தில் பறவைகள் மிரளும் என்று அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாக வெடிப்பதே இல்லை. பறவைகள் வரும் பருவத்தில், வருகிற தீபாவளியை ஒட்டி, அங்கேயும் ஒருமுறை கூட்டிப் போங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் எதற்காக வெடிப்பதில்லை என்று உங்கள் மகனே அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஊரில் முதல் நாளே உங்கள் மாமியார் வாய் திறக்க மாட்டார். “எனக்கு என்ன தெரியும், அவனைக் கேளுங்கள்” என்பார். அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், ஆடுகள் படுக்கும் வரைக்கும்.