அந்த 1943 ஒன்றே போதும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டொரொன்டோவில் இருக்கும் என் மச்சான் பழைய ராணுவத் துவக்குகள் சேர்க்கிறார், லைசென்ஸ் எல்லாம் வைத்திருக்கிறார். இப்போது ஒரு ஜங்கிள் கார்பைன் விலைக்கு வந்திருக்கிறதாம். பக்கவாட்டில் 'லாங் பிரான்ச் 1943' என்று அடித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவின் நேசப் படைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் பேராதனையில் இருந்தபோது அவருடைய காவலுக்கு நின்றவர்கள் வைத்திருந்தது என்கிறார் விற்பவர். நான் கண்டிப் பக்கம் என்பதால் என்னை விசாரிக்கச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், கம்பளை

பதில்: நீங்கள் கண்டிக்கு பஸ் ஏற வேண்டாம். அந்த 1943 ஒன்றே போதும். ஜங்கிள் கார்பைன் என்று எல்லாரும் சொல்லும், பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் வரிசையில் வந்த குட்டையான நம்பர் 5 துவக்கு 1944-ல்தான் தயாரிப்புக்கு வந்தது. அதைச் செய்ததும் இங்கிலாந்தில் இரண்டே இடத்தில், ஷர்லியில் இருந்த பிஎஸ்ஏ கம்பெனியிலும் ஃபசாகர்லியில் இருந்த அரசுத் தொழிற்சாலையிலும். லாங் பிரான்ச் என்பது உங்கள் மச்சான் இருக்கும் டொரொன்டோவுக்குப் பக்கத்திலேயே இருந்த தொழிற்சாலை, அங்கே செய்தது அதே வரிசையில் நீளமான நம்பர் 4. ஆக, அவரிடம் காட்டுவது ஒரு நம்பர் 4-ன் குழலை வெட்டி, மரத்தைக் குறைத்து, நுனியில் புனல் மாதிரி ஒரு தீ மறைப்பானை மாட்டிய சாமான். போருக்குப் பிறகு மலிவாக வந்து குவிந்த துவக்குகளை வேட்டைக்குத் தோதாக வெட்டி விற்ற வியாபாரிகள் அந்தப் பக்கம் நிறையப் பேர். வெட்டினவர் ஏமாற்ற வெட்டியிருக்க மாட்டார், கதை பிற்பாடு சேர்ந்திருக்கும்.

மச்சானுக்கு மனசு ஆறவில்லை என்றால் குழலுக்கு மேல் இருக்கும் பின்பக்க மரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் நம்பர் 5-ல் குழல், போல்ட் ஓடும் இரும்புச் சட்டத்தோடு சேரும் தடித்த இடத்தில், எடையைக் குறைப்பதற்காக இரும்பைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடிக் குமிழும் உள்ளே குடைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இவ்வளவு மெனக்கெட எந்த வியாபாரிக்கும் நேரமில்லை.

மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தது உண்மைதான். அதனால் என்ன, இந்தத் துவக்கு அங்கே நின்றது என்று சொல்லும் கடதாசி ஏதாவது கூட வருகிறதா? வரவில்லை என்றால் கதைக்கு ஒரு டொலர் கூடக் கொடுக்க வேண்டாம். வெட்டின துவக்கு என்று தெரிந்தே, அந்த விலைக்கு, வேட்டைக்கு வாங்குவது வேறு விஷயம்.

அதே லாங் பிரான்ச் வெட்டாமல் கிடைத்தால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'சி' எழுத்துக்குள் அம்பு போட்ட கனடா முத்திரை இருக்கிறதா, போல்ட் கைப்பிடியின் பின்புறத்து எண்ணும் சட்டத்து எண்ணும் ஒன்றா, அந்த இரண்டு எண்களும் ஒரே அச்சில் அடித்தது போல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்களைப் பொருந்த வைப்பதற்காகப் போல்ட்டில் பழையதைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் உண்டு, விரலால் தடவினாலே அந்த இடம் லேசாகப் பள்ளமாகத் தெரியும். அப்புறம் மரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த மரத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு பங்களாச் சுவரில் அப்படி ஒன்றைப் பார்த்தேன், சாப்பாட்டு மேசை மாதிரி மின்னியது. மரத்தில் இருந்த பரிசோதகர் முத்திரைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. அழுக்கும் கீறலுமாக இருந்தபோது அதற்கு அதிக விலை வந்திருக்கும்.

கேள்வி: எங்கள் லயத்துக் கூரையைப் பிரித்தபோது சாக்கில் சுற்றிய ஒரு பழைய துவக்கு கிடைத்தது. என்ன விலை போகும்?
– பெயர் வேண்டாம், பதுளை

பதில்: விலை பேசாதீர்கள், யாரிடமும் காட்டாதீர்கள், கையில் தூக்கவும் வேண்டாம், உள்ளே தோட்டா இருக்கலாம். 1916-ம் வருடத்துச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருந்தால் குற்றம். இன்றைக்கே பொலிஸில் சொல்லுங்கள், தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஒரு வக்கீலோடு போங்கள்.

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு துவக்குக் கத்தி இருக்கிறது. கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்., 1907 என்று போட்டிருக்கிறது. தொண்டர் படையில் இருந்த துரை கொடுத்தது என்று பாட்டி சொல்வார். அலகு ஒரு அடிதான். நூறு வருடத்துக்கு மேலான சாமான்தானே? பிராசோ போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: தேய்க்காதீர்கள் அம்மா! 1907 என்பது பயனெட் மாதிரியின் பெயர், செய்த வருடம் இல்லை. அதற்குக் கீழே சின்ன எண்கள் இருக்கும்: 9 16 என்றால் 1916 செப்டம்பர். அதையொட்டிச் செய்த கம்பெனியின் பெயரும் வரும். ஆரம்பத்தில் கைப்பிடிக் குறுக்கில் ஒரு கொக்கி இருந்தது, 1913-ல் அதை விட்டுவிட்டார்கள். கொக்கியோடு கிடைப்பவைதான் எல்லாரும் தேடும் சரக்கு.

உங்களுடையதில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு அடி. இதன் அலகு முதலில் 17 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் பலவற்றை 12 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். அதனால் வெட்டியது ராணுவமா, தாத்தாவா என்று பார்க்க வேண்டும். அலகின் நடுவில் ஓடும் பள்ளம் நுனிவரை வந்துவிட்டால் வெட்டியது நிச்சயம். நுனி இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தால் ராணுவ வேலையாக இருக்கலாம். கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்து இறங்கியிருந்தால் தாத்தா வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

பாட்டி சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர் 1900-லிருந்து 1949 வரை இருந்தது, கண்டியில் தலைமையகம், ஆட்கள் எல்லாம் தோட்டத் துரைமார். படையின் எழுத்து ஏதாவது கைப்பிடியின் இரும்பில் அடித்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துருவை விரலில் மெல்லிய எண்ணெய் தொட்டுத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். மரப்பிடியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.