கேஷ் மெமரி எந்த வேகத்தில் ஓடும்?

கேள்வி: மாம்பழ மண்டிக் கணக்குக்காகக் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன். புராசஸர் 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் கேஷ் மெமரியும் அதே வேகத்தில் ஓடுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அடிக்கடி தேவைப்படும் தரவைப் புராசஸருக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம்தான் கேஷ். அதில் எல்1, எல்2, எல்3 என்று அடுக்குகள் உண்டு; எல்1தான் மிக அருகில். இன்றைய சிப்களில் எல்1, எல்2 இரண்டும் பொதுவாகக் கோரின் (கணக்கிடும் பகுதியின்) கடிகாரத்திலேயே, அதாவது அதே கிகாஹெர்ட்ஸ் வேகத்திலேயே ஓடுகின்றன. எல்3 அப்படியல்ல, பல இன்டெல் சிப்களில் அதற்குத் தனிக் கடிகாரம். 1997இல் வந்த இன்டெல் பென்டியம் 2இல் எல்2கூடப் பாதி வேகத்தில்தான் ஓடியது. மறு ஆண்டு வந்த இன்டெலின் மலிவு சிப்பான செலரான் 300ஏ-வில் எல்2 கேஷ் 128 கேபிதான், ஆனால் முழு வேகம்; விலை உயர்ந்த அண்ணனான பென்டியம் 2க்கே ஈடுகொடுத்தது.

கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் தரவு ஒரே துடிப்பில் வந்துவிடாது. 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.25 நானோ விநாடி. எல்1 தருவதற்கு 4, 5 துடிப்பு, எல்2க்கு சுமார் 14, எல்3க்கு 40க்கு மேல். ராம் (முதன்மை நினைவகம்) வரை போய்வர 80 நானோ விநாடி ஆனால், 320 துடிப்பு காத்திருக்க வேண்டும். புராசஸரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினாலும் ராமின் தாமதம் குறையாது. அதே காத்திருப்பு 400 துடிப்பாகும். கடிகாரம் ஏற ஏற, கேஷ் பெரிதாக இருப்பது அவசியமாவது இதனால்தான்.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் கேஷ் அளவு தெரியும், வேகம் தெரியாது. மண்டிக் கணக்குக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. பெரிய கேஷ் உள்ள புராசஸருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை எஸ்எஸ்டிக்கும் (வேகமான சேமிப்பகம்) 16 ஜிபி ராமுக்கும் போடுங்கள்.